பேச்சு நிற்காத ஓட்டம்

சிலருக்கு வாய் சும்மா இருக்காது, சிலருக்குக் கை சும்மா இருக்காது. இவளுக்குக் கால். சாப்பிட உட்கார்ந்தாலும் நாற்காலிக்குக் கீழே பாதம் ஆடிக்கொண்டே இருக்கும். திரைச்சீலை தைக்கும் கடையில் ஜன்னலோர மெஷின் அவளுடையது. அவள் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து, "மெதுவா மிதிங்கக்கா, மெஷின் எழுந்து ஓடிடப் போகுது" என்பாள் பக்கத்து மெஷின்காரி.

ஓட ஆரம்பித்ததும் அந்தக் காலின் வேலைதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கடைக்குப் போகிற பஸ் அவள் கண்ணெதிரே கிளம்பிவிட்டது. துரத்தினாள். பஸ்ஸும் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓடிக் கடை வாசலில் போய் நின்றபோது முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் பஸ் வந்து நின்றது, அவள்தான் ஏறவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. விடிந்ததும் கிளம்பி, கால்வாய்க் கரைச் சாலையில் தண்ணீர்த் தொட்டி வரை ஓடிவிட்டுத் திரும்புவாள். எதிரே வருகிற பால்காரர், "என்னக்கா, இன்னைக்கும் பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்பார். "ஆமா தம்பி, முன்னாடிதான் போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

நாள் முழுக்க அந்த ஒரு பொழுதுதான் அவளுக்கென்று இருந்தது. கடையில் ஆறு மெஷின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் டிவி, மகளின் போன், மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கிற சத்தம். ஓடும்போது மட்டும் யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளே கடவுளோடு பேசிக்கொண்டு போவாள். உட்கார்ந்து கும்பிட்டால் அவளுக்கு மனம் நிற்காது. கால் ஓடினால்தான் மனம் ஓரிடத்தில் நிற்கும். கடவுளுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாருடைய நடைக்கும் ஈடுகொடுத்துக் கூட வருகிறவர்தானே அவர்.

போன மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலாகி, காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வீடு வந்தபோது நாலு படி ஏறினால் ஒரு தரம் உட்கார வேண்டியிருந்தது. உடம்பு ஓய்ந்து கிடந்தது, கால் ஓயவில்லை. போர்வைக்குள் அது தன்பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அவள் புருஷனுக்கும் அதே கடையில்தான் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து, சுவரில் துளை போட்டு, திரைக்கம்பி மாட்டுகிறவர். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். கம்பி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அதனால் கடையில் அவருக்கே ரசமட்டம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

உடம்பு ஒருவாறு தேறிய பிறகு டாக்டரம்மாவிடம் போனபோது, "ஓடலாமா டாக்டர்?" என்று அவள் கேட்டதும் ரசமட்டத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"ஓடலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா பழைய மாதிரி இல்ல. கொஞ்சம் நடங்க, கொஞ்சம் ஓடுங்க, திரும்ப நடங்க. ஓடுறப்ப பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியணும். பேச்சு வரலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே நடக்க ஆரம்பிச்சிடணும்."

அவள் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. அவர் காதில் மிச்சம் எல்லாம் விழுந்தது.

மறுநாள் காலையில் அவள் செருப்பை விட்டுவிட்டுப் பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ரசமட்டம் மகளுடைய சைக்கிளோடு தயாராக நின்றார். முன் கூடையில் தண்ணீர் பாட்டில், துண்டு. பின்னால் கேரியரில், கடையில் உயரமான இடத்துக்கு ஏறி நிற்க வைத்திருக்கும் மடக்கு முக்காலி.

"முக்காலி எதுக்கு?"

"உனக்கு உட்காரணும்னு தோணிச்சுன்னா?"

"நடுரோட்டுல முக்காலி போட்டு உட்காரவா?"

"பின்ன, தரையிலயா உட்காருவ?"

மகள் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தாள். "அப்பா, ஒரு சைரனும் மாட்டிக்கோங்க. அமைச்சர் வர்ற மாதிரி இருக்கும்."

"உள்ள போ, நுரை சட்டையில வடியுது" என்று சொல்லிவிட்டு ரசமட்டம் சைக்கிளில் ஏறினார்.

கால்வாய்க் கரைக்கு வந்ததும் அவள் மெல்ல ஓட ஆரம்பித்தாள். நெடுநாள் மடித்து வைத்த துணியைப் பிரித்த மாதிரி முழங்கால் இரண்டும் சொரசொரத்தன. ஆனாலும் ஓட்டம் ஓட்டம்தான். நாலு எட்டு வைத்ததுமே அவள் கண் கலங்கிவிட்டது.

"பேசு" என்றது பின்னாலிருந்து குரல்.

"என்ன பேச?"

"எதையாவது பேசு. நேத்து கடையில என்ன தைச்ச?"

"திரை."

"அது தெரியும். என்ன திரை?"

"ஜன்னல் திரை."

"ஒரு வார்த்தையா சொல்லாத. ஒரு வார்த்தை யாருக்கும் வரும். முழுசா சொல்லு."

முழுசாகச் சொன்னாள். எந்த வீடு, என்ன துணி, எத்தனை மடிப்பு, அந்த வீட்டம்மா எத்தனை தரம் மனசை மாற்றினாள், எல்லாம். தினமும் இப்படிப் போனதில் சீக்கிரமே கேட்க அவருக்கு விஷயம் தீர்ந்துபோயிற்று. மனுஷர் இயல்பில் அதிகம் பேசாதவர். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேச்சில் பாதி ஜன்னல் அளவுதான். வழியில் இருக்கிற வீட்டு கேட்டுக்கெல்லாம் என்ன கலர் என்று கேட்டார். எதிரே வருகிற நாய் யார் வீட்டு நாய் என்று கேட்டார். கடைசியில் ஒரு நாள், "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார்.

"எதுக்கு?"

"அதுதான் நீளமா போகும்."

அவள் சொல்லிக்கொண்டு ஓடினாள். "ஏழேழு நாப்பத்தொன்பது" என்று மூச்சு வாங்கும்போது, பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று எடுத்துக் கொடுத்தன. அவளுக்கு மானம் கப்பலேறிப்போயிற்று. பால்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார். "என்னக்கா, பஸ்ஸை விட்டுட்டு இப்ப பள்ளிக்கூடத்துக்கா?"

உடம்பு தேறிக்கொண்டுதான் வந்தது. நடை குறைந்து ஓட்டம் கூடியது. ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பெல்லாம் காலையில் ஓடிவிட்டு வந்தால் அன்றைக்குக் கால் அடங்கிக் கிடக்கும். இப்போது ஓடியும் ஓடாத மாதிரியே இருந்தது. தைக்கும்போது பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். தாகம் இருக்காது. ஜன்னலருகே போய் நிற்பாள், பார்க்க ஒன்றும் இருக்காது. கடவுளிடம் ஒரு வார்த்தை எடுக்கலாம் என்று காலையில் வாயை மூடினால், "என்ன, சத்தத்தைக் காணோம்?" என்று பின்னாலிருந்து வரும். சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து கடவுளிடம் சொல்ல அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த இடம் அந்தச் சாலை ஒன்றுதான்.

"உங்கப்பாவை வீட்டுல இருக்கச் சொல்லேன்" என்று மகளிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நீயே சொல்லும்மா. உனக்குத்தானே புருஷன்."

சொல்லியும் பார்த்தாள். "நாளைக்கு மட்டும் நான் தனியாப் போயிட்டு வர்றேனே."

"கம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிச்சு விடச் சொல்றியா?" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் குழந்தை அறைக்குத் திரை கேட்டிருந்தார்கள். மஞ்சள் துணி, அதில் வரிசை வரிசையாக நீலப் பறவைகள். திரைக்கு மேல்பக்கம் கொக்கி கோர்க்கிற நாடா வைத்துத் தைக்க வேண்டும், கீழ்ப்பக்கம் அகலமாக மடித்துத் தைக்க வேண்டும். அவள் தைத்து, இஸ்திரி போட்டு, மூட்டை கட்டி வைத்தாள். ரசமட்டம் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டார்.

"அந்த வீட்டுப் பிள்ளை அழுவுதாம். ஏன்னு தெரியுமா?"

"கம்பி சாஞ்சிருக்கா?" என்றார் ரசமட்டம். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"கம்பியெல்லாம் நேராத்தான் இருக்கு. பறவைதான் மல்லாக்கப் பறக்குது."

அவள் நாடாவைக் கீழ்ப்பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தாள். முதலாளியம்மாவுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. "பொண்டாட்டி தலைகீழா தைக்கிறா. புருஷன் அதை மட்டம் பார்த்து மாட்டிட்டு வர்றாரு. ஜோடிப் பொருத்தம் இல்லன்னு யாரு சொன்னா."

கடையே சிரித்தது. பக்கத்து மெஷின்காரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். இவர்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "நான்தான் ஏதோ நினைப்புல தைச்சேன். உங்க கண்ணு எங்க போச்சு?"

"காலையில நீ ரெண்டு தடவை இருமினியே. அதுலயே நின்னுடுச்சு."

அந்தப் பதிலுக்கு அவளால் கோபப்பட முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. திரும்பி வந்த திரையை வீட்டுக்கு எடுத்துவந்து மடியில் போட்டுக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. இப்படியே போனால் பறவை மட்டுமல்ல, நானே தலைகீழாக நடப்பேன் என்று தோன்றியது. நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், தனியாகப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் ரசமட்டம் பின்பக்கம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பம்பு புஸ் புஸ் என்று சத்தம் போடும்போதே, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படி இறங்கினாள். தெருமுனையில் போய்த்தான் ஷூவை மாட்டினாள்.

சாலை அப்படியே இருந்தது. கால்வாயில் தண்ணீர் அசங்காமல் கிடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வாயை மூடினாள். எத்தனையோ நாளாக உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வரும் என்று நினைத்தாள். வரவில்லை. முதலில் ஓடித் தீர்த்துவிடுகிறேன் என்று கால் முந்திக்கொண்டது. அவள் சொல்லாமலேயே அது பழைய வேகத்துக்குப் போயிற்று. அவள் தடுக்கவுமில்லை. கேட்டுகள் பின்னால் போயின, பள்ளிக்கூட வேன் நிற்கிற இடம் பின்னால் போயிற்று. சந்தோஷத்தில் அவளுக்குத் தன் உடம்பே மறந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டியருகே போனபோது உடம்பு ஞாபகப்படுத்தியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. தொட்டிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். கூப்பிட யாரும் இல்லை, சத்தமும் இல்லை. ஆண்டவனே என்று நினைக்க மட்டும் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாக வழிக்கு வந்தது. சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து மெல்ல நடந்து திரும்பினாள்.

பாதி வழியில் அவளுடைய பேரைச் சொல்லி யாரோ கத்துவது கேட்டது.

முதலில் வேறு யாரையோ என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏம்மா, உன்னைத்தான், இவ்வளவுதான். இப்போது ஊர் கேட்க, தொண்டை கிழிய, அவள் பேரைச் சொல்லிக்கொண்டு ரசமட்டம் சைக்கிளை மிதித்து வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. அவளைக் கண்டதும் இறங்கி ஸ்டாண்டு போட்டார். ஸ்டாண்டு சரியாக விழவில்லை, சைக்கிள் சாய்ந்து பாட்டில் உருண்டது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

"சொன்னா விடுவீங்களா?"

"விட மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில உனக்கு அதை மாட்டினாங்களே" என்றார். "அன்னைக்கு நீ என்னைப் பார்த்து என்னமோ சொல்ல வந்த. உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. கிட்ட வந்து காதை வெச்சேன். அப்பவும் வரல. அன்னையிலேர்ந்து நீ சும்மா இருந்தாலே எனக்கு அதுதான். நீ தூங்குறப்ப கூட எதையாவது முனகினா நல்லா இருக்கும்னு கிடக்கேன். பேச்சு கேட்டா மூச்சு இருக்குன்னு அர்த்தம்ல."

அவளுக்கு இது தெரியாது. வேவு பார்க்கிறார் என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தாளே தவிர, அந்தச் சைக்கிளில் பயம் ஏறிக்கொண்டு வந்ததை அவள் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் தண்ணி கேட்டேன்."

"தண்ணியா?"

"தண்ணிதான்."

"தண்ணி மட்டும்தானா? நான் என்னென்னமோ நினைச்சு..." பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அவள் தன் பக்கத்தைச் சொன்னாள். தொட்டியருகே மூச்சு நின்று போனதையும் மறைக்காமல் சொன்னாள். "ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். சாமிகிட்ட நான் இருக்கிற நேரமே இதுதான். நீங்க பாட்டுக்கு ஏழாம் வாய்ப்பாடு கேட்டா, அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எழுபதுன்னா?"

ரசமட்டம் வெகுநேரம் யோசித்தார். சுவரில் துளை போடுவதற்கு முன்னால் அப்படித்தான் யோசிப்பார். போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாதே.

"சரி, சாமிகிட்டயே பேசு. ஆனா சத்தமாப் பேசு. பேச்சு பேச்சுதானே. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், குறுக்க வர மாட்டேன்."

மறுநாள் அப்படியே ஆரம்பித்தார்கள். புருஷன் காதுபடக் கும்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச தூரம் உம் உம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டே ஓடினாள்.

"சாமி, இன்னைக்கும் எழுப்பி விட்டதுக்கு உனக்குப் புண்ணியமாப் போகட்டும். பொண்ணுக்கு நல்ல புத்தி குடு, போன்ல பேசுறதைக் குறைக்கச் சொல்லு. அந்தப் பறவைத் திரையைப் பிரிச்சுத் தைச்சுட்டேன், இந்தத் தடவையாவது நேராப் பறக்கட்டும். இவருக்குக் கொஞ்சம் பயத்தைக் குறைச்சு விடு. அந்த முக்காலியை எங்கயாவது தொலைய வை."

"அது கடை முக்காலி" என்றது பின்னாலிருந்து.

"நான் உங்ககிட்ட பேசல."

"சரி, சரி."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்ததில் மனசு இளகியது. இளகியதும், ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அந்த விஷயம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. "சாமி, அன்னைக்கு ராத்திரி நான் உன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சைக்கிள் சட்டென்று பக்கத்தில் வந்தது. "மூச்சா?"

"மூச்சு இல்ல."

"பின்ன ஏன் நின்னுட்ட?"

அவள் ஓட்டத்தை நடையாக்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இதுக்கு மேல, நீங்க கேட்டுட்டு இருக்கிறப்ப வராது."

ரசமட்டம் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். என்னிடம் சொல்லாததைச் சாமியிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க எல்லாப் புருஷனுக்கும் வரும். அவர் அவளுடைய தோளைப் பார்த்தார், அது சீராக ஏறி இறங்குகிறதா என்று. பிறகு முன்னால் சாலையைப் பார்த்தார். தொட்டிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை வளைந்து மரங்களுக்குள் போகிறது.

"அந்தத் திருப்பம் தாண்டினா நீ எனக்குத் தெரிய மாட்ட."

"மாட்டேன்."

"சத்தமும் வராது."

"வராது."

"பழைய வேகத்துல போயிட மாட்டியே?"

"நேத்தே போய்ப் பார்த்தாச்சு. போக முடியாது."

அவர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தார், விட்டார், திரும்பப் பிடித்தார். அதில் இருந்த பிரேக் கம்பி டிக் டிக் என்றது. "யாரும் கேக்கலன்னாலும் சத்தமாத்தான் பேசணும்."

"பேசுறேன்."

"போ, அப்ப."

அவள் போனாள். திருப்பம் வரைக்கும் முதுகில் அவர் பார்வை இருப்பது தெரிந்தது. அதைத் தாண்டியதும் தெரியவில்லை. பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் கேட்டவருக்கும் உள்ளது, நமக்கு வேண்டாம். சத்தமாகத்தான் சொன்னாள். உள்ளுக்குள் சொல்லும்போது ஒரே மூச்சில் ஓடிவிடுகிற விஷயம், வாய்விட்டுச் சொன்னபோது காலடிக்கு ஒரு வார்த்தையாக உடைந்து உடைந்து வந்தது. வார்த்தை தடுக்கினால் நடந்தாள். வந்தால் ஓடினாள். அழுகை வந்த இடத்தில் நின்றே விட்டாள். தொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது அவளுக்கு வேர்த்திருந்தது, கால் லேசாக இருந்தது. இன்னும் பாதி பாக்கி இருந்தது.

திருப்பத்தில் திரும்பினால், ரசமட்டம் விட்ட இடத்தில் இல்லை. முப்பது நாற்பது அடி முன்னால் வந்து, திரும்பப் பின்னால் போய், நடுச்சாலையில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அசையாமல் நின்றார். சிவந்த கண்ணைப் பார்த்தார்.

அவள் அவருக்குக் கிட்டே வரைக்கும் ஓடி வந்தாள். நிற்காமல் அவரைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள்.

"இன்னும் முடியல" என்றாள். "இன்னொரு தடவை போயிட்டு வர்றேன்."

ரசமட்டம் தலையை மட்டும் ஆட்டினார். அவள் மறுபடியும் திருப்பத்தைப் பார்த்து ஓடினாள்.